ஓடுவது ஒன்று, கையில் இருப்பது வேறு: பிஎல்சி பேக்கப்பை எங்கிருந்து ஒழுங்குபடுத்துவது?

வாளையார்_மெயின்டனன்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு ரோலிங் மில்லில் மின்பராமரிப்பு பார்க்கிறேன். இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சிகள் (புரோகிராம் செய்யக்கூடிய கன்ட்ரோலர்கள்) இவை: மில் ஸ்டாண்டுகளுக்கு சீமென்ஸ் எஸ்7-300, ரீஹீட்டிங் ஃபர்னஸுக்குப் பழைய ஆலன்-பிராட்லி எஸ்எல்சி 5/03, கூலிங் பெட்டுக்குப் பின்னால் சேர்த்த எஸ்7-1200, கூடவே ஆங்காங்கே டெல்டா எச்எம்ஐ (ஆபரேட்டர் திரை). இதுதான் எங்கள் சொத்து.

புரோகிராம் பேக்கப் இல்லாமல் இல்லை. அளவுக்கு மேல் இருப்பதுதான் சிக்கல். பராமரிப்பு லேப்டாப்புகளில் இருக்கிறது, மேலாளர் அறை டெஸ்க்டாப்பில் இருக்கிறது, பேனலுக்குள் டேப் போட்டு ஒட்டிய பென்டிரைவிலும் இருக்கிறது. ஃபோல்டர் பெயர்கள் ‘மில் ஃபைனல்’, ‘மில் ஃபைனல் புதுசு’, ‘ஓணத்துக்கு முன்’, ‘ஷியர் சரி பண்ணினது’ என்று போகும். இப்போது ஓடுவது இதில் எது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த கான்ட்ராக்டர்களும் அவரவர் லேப்டாப்பில் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஓணத்துக்கு முழு ஷட்டவுன் வருகிறது. அதற்குள் ஒழுங்குபடுத்த வேண்டும். நிர்வாகத்தில் ஒருவர் “சாஃப்ட்வேர் கம்பெனிகள் மாதிரி கிட் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். கோப்பு மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் அந்த மென்பொருள் (Git) நமக்குச் சரிவருமா?

கொழிஞ்சாம்பாறை_கன்ட்ரோல்ஸ்:

தம்பி, கிட்டா வேறு எதுவா என்பதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். ஓணத்துக்கு மெயின் சப்ளையையே இறக்குவீர்களா? இறக்குவீர்கள் என்றால் முதல் வேலை அந்த எஸ்எல்சிதான். 5/03-ல் புரோகிராம் இருப்பது பேட்டரி தாங்கும் ரேமில். சப்ளை இருக்கும்வரை செத்த பேட்டரியால் ஒரு தொந்தரவும் தெரியாது. முகப்பில் அந்தச் சின்ன பேட்டரி விளக்கு எரிவதை யாரும் கவனிப்பதில்லை. நாலு நாள் கழித்துப் பவர் போடும்போது சிபியு காலியாக நிற்கும். நம் பக்கத்து ஆலைகளில் இந்த ஆபத்து அதிகமாக இருப்பது பிரேக்டவுன் நாளில் அல்ல, ஓணம், விஷு லீவு முடிந்து மில்லைக் கிளப்பும் காலையில்தான். முதலில் அப்லோடு (கன்ட்ரோலரில் இருப்பதை லேப்டாப்புக்கு எடுப்பது), பிறகு கையேட்டில் சொன்ன முறைப்படி புது பேட்டரி, அதற்கப்புறம்தான் ஷட்டவுன். மெமரி மாட்யூல் போட இடம் இருந்தால் அதிலும் ஒரு நகல் ஏற்றிவிடுங்கள்.

அடுத்து, எது ஓடுகிறது என்ற கேள்வி. இதற்கு ஃபோல்டர் பெயரும் தேதியும் சாட்சி ஆகாது. கன்ட்ரோலர் மட்டும்தான் சாட்சி. ஒவ்வொரு நகலையும் திறந்து, ஆன்லைன் போய், கம்பேர் கொடுத்துப் பாருங்கள். சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருளான ஸ்டெப் 7-ல் பிளாக் பிளாக்காக வித்தியாசம் காட்டும். எந்த நகல் முழுதாகவோ பெரும்பாலுமோ ஒத்துப்போகிறதோ அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இந்தக் கட்டத்தில் யாரும் டவுன்லோடு (லேப்டாப்பில் இருப்பதைக் கன்ட்ரோலரில் ஏற்றுவது) பொத்தானைத் தொடக்கூடாது.

“அதற்கென்ன, கன்ட்ரோலரிலிருந்தே அப்லோடு எடுத்து அதையே மாஸ்டர் ஆக்கிவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். எஸ்7-300-ல் சிம்பல் பெயர்களும் கமென்ட்டுகளும் சிபியுவில் இருப்பதில்லை, லேப்டாப்பில் உள்ள பிராஜெக்ட்டில்தான் இருக்கும். அப்லோடு எடுத்தால் வெறும் எம்10.3, டிபி20 என்று முகவரிகளாகத்தான் வரும். எஸ்எல்சியும் அப்படித்தான். ஊர்ப் பெயரே எழுதாத வரைபடத்தைக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். அதனால் எவ்வளவு பழையதாக இருந்தாலும் கமென்ட் உள்ள நகல் எதையும் அழித்துவிடாதீர்கள். எஸ்7-1500-ல் பெயர்களும் குறிப்புகளும் கன்ட்ரோலருக்குள்ளேயே போய்விடுகின்றன, அங்கே இந்தக் கவலை இல்லை.

சித்தூர்_கோடர்:

நான் சாஃப்ட்வேர் துறை, பாலக்காட்டுச் சித்தூர். அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கிட் பற்றி நியாயமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். 2005-ல் லினக்ஸ் கர்னல் வேலைக்காக வந்த கருவி அது. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார்கள் என்பது நிரந்தரமாக நிற்கும். ‘ஃபைனல் புதுசு’ என்ற பெயருக்கே தேவை இருக்காது. சர்வர்கூட வேண்டாம், ஒரு சாதாரண டெஸ்க்டாப் போதும், காசும் இல்லை. ஏன் தயங்க வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை_கன்ட்ரோல்ஸ்:

தயக்கம் கிட் மீது இல்லை சார். கிட்டின் பலம் வரிவரியாக ஒப்பிடுவதில். நம் கோப்புகள் வரிகளாக இல்லை. ஸ்டெப் 7 பிராஜெக்ட் என்பது நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ள ஒரு ஃபோல்டர், ஆலன்-பிராட்லியின் தாய் நிறுவனமான ராக்வெல்லின் பிராஜெக்ட் கோப்பான ஏசிடி ஒரே பைனரிக் கட்டி. கிட் அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஆனால் என்ன மாறியது என்று கேட்டால் “ஏதோ மாறியது” என்பதற்கு மேல் சொல்லாது. இரண்டு பேர் தனித்தனியாக மாற்றியதை ஒன்றிணைக்கவும் முடியாது.

வழிகள் இல்லாமல் இல்லை. ராக்வெல்லின் லாஜிக்ஸ் கன்ட்ரோலர்களில் எல்5எக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் ஆக எக்ஸ்போர்ட் செய்யலாம். சீமென்ஸின் புதிய மென்பொருளான டிஐஏ போர்ட்டலில் வி16 முதல் வெர்ஷன் கன்ட்ரோல் இன்டர்ஃபேஸ் இருக்கிறது, பிளாக்குகளைத் தனித்தனிக் கோப்பாக வெளியே கொண்டுவரும். எஸ்சிஎல் என்ற எழுத்து வடிவ மொழியில் எழுதியது என்றால் அருமை, சாதாரண டெக்ஸ்ட்தான். ஆனால் லேடரை (ஏணி போன்ற வரைபடமாக எழுதும் புரோகிராமை) எக்ஸ்எம்எல் ஆக்கிப் பார்த்தால் ஒரு கான்டாக்ட் சேர்த்ததற்குப் பக்கம் பக்கமாக வித்தியாசம் காட்டும். எல்5எக்ஸ்-ல் எக்ஸ்போர்ட் எடுத்த நேரமே கோப்புக்குள் எழுதப்படுவதால், எதுவுமே மாறாதபோதும் மாறியது என்று சொல்லும். அதை வடிகட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். ஷிஃப்டில் இருக்கும் எலக்ட்ரிஷியன் இதையெல்லாம் செய்வாரா என்பதுதான் என் கேள்வி.

சித்தூர்_கோடர்:

புரிகிறது. அப்படியென்றால் சப்வெர்ஷன் என்ற பழைய கருவியைப் பாருங்கள். அதில் லாக் உண்டு. ஒருவர் எடுத்துப் பூட்டிவிட்டால் மற்றவர் மாற்றியதை உள்ளே ஏற்ற முடியாது. ஒன்றிணைக்கவே முடியாத கோப்புகளுக்கு அந்தப் பழைய முறைதான் பொருத்தம். கிட்டிலேயே பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் நீட்சியைச் சேர்த்தாலும் லாக் வசதி கிடைக்கும்.

கொழிஞ்சாம்பாறை_கன்ட்ரோல்ஸ்:

இது நல்ல யோசனை. லாக்தான் நமக்கு வேண்டியது. பிராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாமல், பிராஜெக்ட்டை மூடிவிட்டு மென்பொருளில் உள்ள ஆர்க்கைவ் கட்டளையில் ஒரே கோப்பாக்கி உள்ளே போடுங்கள். திறந்திருக்கும்போது காப்பி எடுத்த ஃபோல்டர் பிறகு திறக்காமல் போகலாம். கூடவே புரோகிராமின் பிடிஎஃப் பிரின்ட் ஒன்றும் சேருங்கள். மென்பொருளே இல்லாத கணினியிலும் அதைப் படித்துவிடலாம்.

தடா_கன்ட்ரோல்:

ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆலையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் கன்ட்ரோலர்கள் நிறைய, பல பிராண்டுகள். அதனால் காசு கொடுத்து வாங்கும் வகைக்குப் போய்விட்டோம். ஆட்டோசேவ், வெர்சன்டாக், ராக்வெல்லின் அசெட்சென்டர் எல்லாம் இந்த இனம்தான். லேடரை லேடராகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் காட்டும். அதைவிட முக்கியம், குறித்த நேரத்தில் தானே கன்ட்ரோலரிலிருந்து அப்லோடு எடுத்து மாஸ்டரோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மெயில் அனுப்பும். அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் ஆலைகளுக்கு மின்னணுப் பதிவுகள் பற்றி 1997-ல் வந்த 21 சிஎஃப்ஆர் பார்ட் 11 விதி இருப்பதால், யார் எப்போது மாற்றினார் என்ற தடம் அவர்களுக்குக் கட்டாயமாகிவிடுகிறது.

ஆனால் வாளையார் நண்பருக்கு என் கருத்து: மூன்று கன்ட்ரோலருக்கு அந்தச் செலவு தேவையில்லை. அந்த மென்பொருள் செய்யும் வேலையின் சாரம் ஒப்பீடுதான். அதைக் கையாலேயே மாதம் ஒருமுறை செய்யலாம். மாத முதல் வாரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஆன்லைன் கம்பேர் எடுத்து, ஒத்துப்போனதா இல்லையா என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். பேக்கப் எடுத்த தேதியை எல்லா ஆலையும் எழுதி வைக்கிறது. கடைசியாக ஒப்பிட்ட தேதியை எழுதி வைக்கும் ஆலைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று. ஒப்பிடும் லேப்டாப் சுத்தமாக இருக்க வேண்டும். 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஸ்டெப் 7 சிபியுவோடு பேசும் டிஎல்எல் கோப்பையே மாற்றி வைத்தது. பொறியாளர் ஆன்லைனில் பார்த்தால் புகுத்தப்பட்ட பிளாக்குகள் கண்ணுக்கே படாது. நம் மில்லுக்கு யாரும் அப்படி ஒன்றை எழுதப் போவதில்லை என்றாலும், அதே லேப்டாப்பில் மெயில், வாட்ஸ்ஆப், பென்டிரைவ் எல்லாம் ஓட்டுவதை நிறுத்த அது போதுமான காரணம்.

வேலந்தாவளம்_மெஷின்ஸ்:

நான் மெஷின் செய்து கொடுக்கும் பக்கம். ‘கான்ட்ராக்டர்கள் மாற்றிவிட்டுப் போகிறார்கள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். எங்கள் தரப்பையும் கேளுங்கள். பல இடங்களில் வேலை முடித்து பிராஜெக்ட்டைக் கொடுக்க நின்றால் வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதில்லை. “மெஷின் ஓடுதில்ல, போதும்” என்று கேட் பாஸ் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து எங்களுக்கே போன் செய்து பேக்கப் கேட்கிறார்கள். நாங்கள் வைத்திருப்பது கமிஷனிங் நாள் (மெஷினை முதலில் ஓட்டிக் கொடுத்த நாள்) நகல். அதற்குப் பிறகு உங்கள் ஆட்கள் செய்த மாற்றம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

கொழிஞ்சாம்பாறை_கன்ட்ரோல்ஸ்:

நீங்கள் சொல்வது நியாயம். அதே நேரம், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போகும் பில்டர்களும் இருக்கிறார்கள். எச்எம்ஐ-யில் சோர்ஸைத் திரும்ப எடுக்கும் வசதியை டவுன்லோடு செய்யும்போதே அணைத்துவிடுகிறார்கள். திரை உடைந்தால் ஆலையே அவரைத் தேடி ஓட வேண்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால் என்ன செய்வது?

வேலந்தாவளம்_மெஷின்ஸ்:

பூட்டுவதற்குக் காரணம் உண்டு அண்ணா. எங்கள் லாஜிக்கை அப்படியே எடுத்து அடுத்த மெஷினுக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மொத்தத்தையும் பூட்டத் தேவையில்லை. எங்கள் மூளை உழைப்பு இருக்கும் ஒன்றிரண்டு பிளாக்குகளை மட்டும் பூட்டிவிட்டு, இன்டர்லாக் (பாதுகாப்பு நிபந்தனைகள்), ஐஓ (உள்ளீடு, வெளியீடு), அலாரம், எச்எம்ஐ எல்லாவற்றையும் கமென்ட்டோடு கொடுத்துவிடலாம். பூட்டிய பிளாக்கின் பாஸ்வேர்டை மூடி முத்திரையிட்ட கவரில் வாடிக்கையாளரிடமே கொடுத்துவைக்கலாம். இதையெல்லாம் ஆர்டர் போடும்போதே எழுதிவிடுங்கள். கடைசி பத்து சதவீதப் பணம் பிராஜெக்ட் ஒப்படைத்து, உங்கள் லேப்டாப்பில் திறந்து, ஆன்லைன் கம்பேர் ஒத்துப்போன பிறகுதான் என்று போடுங்கள். அப்போது இரண்டு பக்கமும் கவனமாக இருக்கும்.

தடா_கன்ட்ரோல்:

இந்தக் கடைசி வரியை வாளையார் நண்பர் அப்படியே பர்சேஸ் ஆர்டரில் சேர்க்கலாம்.

வாளையார்_மெயின்டனன்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. நைட் ஷிஃப்ட் பிரச்சினை ஒன்று பாக்கி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மில் நின்றால், ஷிஃப்டில் இருக்கும் சேட்டன் டைமரைக் கூட்டியோ ஒரு சென்சாரை ஃபோர்ஸ் செய்தோ (அதன் நிலையைக் கட்டாயமாக ஆன் அல்லது ஆஃப் ஆக்கியோ) ஓட்டிவிடுவார். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், ஃபர்னஸில் பில்லட் வெந்துகொண்டிருக்கும். ஆனால் காலையில் யாருக்கும் தெரியாது. இதற்கு லாக் போட்டால் உற்பத்தி நிற்கும், விட்டால் பழைய கதைதான்.

கொழிஞ்சாம்பாறை_கன்ட்ரோல்ஸ்:

இரவில் மாற்றுவதைத் தடுக்காதீர்கள். தடுத்தால் ஒளித்துச் செய்வார்கள். மாற்றியதைச் சொல்வதைச் சுலபமாக்குங்கள். பேனல் கதவின் உள்பக்கம் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. எந்த ரங் (லேடரின் ஒரு படி), முன்பு என்ன, இப்போது என்ன, ஏன், யார், இவ்வளவுதான். மலையாளத்தில் எழுதட்டும், தமிழில் எழுதட்டும், இந்தியில் எழுதட்டும். காலையில் நீங்கள் அதைப் பார்த்து மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள்: மாஸ்டரில் சேர்ப்பது, பழையபடி திருப்புவது, அல்லது ‘தற்காலிகம், இந்தத் தேதிக்குள்’ என்று கெடு போடுவது. ஃபோர்ஸ் என்றால் மூன்றாவது மட்டும்தான். அதற்குக் கெடு தாண்டவே கூடாது.

மாற்றியவரைத் திட்டினால் அடுத்த வாரம் நோட்டு காலியாக இருக்கும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நேர்மையாக எழுதியவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

சாவி விஷயமும் இருக்கிறது. எஸ்எல்சியில் கீ சுவிட்ச் ரன், ரிமோட், புரோகிராம் என்று மூன்று நிலை. வேலை முடிந்ததும் ரன்னில் திருப்பி, சாவியை உருவி ஷிஃப்ட் இன்சார்ஜிடம் கொடுங்கள். 2017-ல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் டிரைக்கோனெக்ஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலரைக் குறிவைத்த டிரைடான் தாக்குதலில், அந்தக் கன்ட்ரோலரின் சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது உள்ளே எழுத வழிவிட்டது. சாவி ரன்னில் இருந்தால் உங்கள் சேட்டனும் லேப்டாப்பை எடுக்கும் முன் ஒருவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

தடா_கன்ட்ரோல்:

எல்லோரும் லாஜிக் பற்றியே பேசுகிறோம். டேட்டா மறந்துபோகிறது. ஃபர்னஸ் ஜோன் செட்பாயின்ட், பாஸ் ஷெட்யூல், டிரைவ் ஸ்பீடு ரேஷியோ எல்லாம் ஆபரேட்டர் எச்எம்ஐ-யில் கொடுத்து டேட்டா பிளாக்கில் உட்கார்ந்திருக்கும். எஸ்7-300-ல் லேப்டாப்பிலிருந்து டேட்டா பிளாக்கை டவுன்லோடு செய்தால் கமிஷனிங் நாளின் தொடக்க மதிப்புகள் மேலே ஏறிவிடும். லாஜிக் கம்பேர் பச்சை காட்டும், மில் ஓடாது. நடப்பு மதிப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள். மெமரி கார்டு வைத்த 300-களில் ரேமிலிருந்து ரோமுக்குக் காப்பி செய்யும் கட்டளை இதற்காகத்தான். அந்தக் கார்டை விண்டோஸில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், பிறகு சிபியு அதை ஏற்காது.

அப்புறம் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களின் பாராமீட்டர்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் ஒரு டிரைவ் போனால் புதிது வாங்கி மாட்டுவது சுலபம். உள்ளே இருந்த நூறு எண்கள் எங்கே? பல டிரைவ்களில் கீபேடிலேயே நகல் எடுக்கும் வசதி உண்டு. மென்பொருள் லைசென்ஸ், கேபிள், பழைய ஸ்டெப் 7 ஓடும் விண்டோஸ் எல்லாம் பேக்கப்தான். அந்த விண்டோஸை ஒரு விர்ச்சுவல் மெஷினாக்கி வைத்துவிட்டால் லேப்டாப் செத்தாலும் கவலையில்லை. புது டிஐஏ வெர்ஷனில் திறக்கும்போது பிராஜெக்ட்டை அப்கிரேடு செய்யட்டுமா என்று கேட்கும். பழைய நகலை எடுத்து வைக்காமல் சரி கொடுத்துவிடாதீர்கள்.

சித்தூர்_கோடர்:

நகல்களை வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று ஆலைக்கு வெளியே என்பது எங்கள் துறைப் பழக்கம். அதோடு ஒன்றாவது எந்த நெட்வொர்க்கிலும் மாட்டாமல் அலமாரியில் இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் நோர்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினிய நிறுவனத்தை லாக்கர்கோகா என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது, அவர்கள் பணம் கட்டாமல் பேக்கப்பிலிருந்தே மீண்டார்கள். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க் என்றால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும்.

கொழிஞ்சாம்பாறை_கன்ட்ரோல்ஸ்:

அதோடு, எடுத்த நகல் ஏறுமா என்று பார்த்தீர்களா? ஸ்டோரில் ஸ்பேர் சிபியு இருக்கும். டேபிளில் ஒரு பவர் சப்ளையோடு வைத்து, நகலை அதில் ஏற்றி ரன்னுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஐஓ இல்லாததால் ஃபால்ட் விளக்கு எரியலாம், அது பரவாயில்லை. ஃபர்ம்வேர் பொருந்துகிறதா, கேபிள் வேலை செய்கிறதா, பாஸ்வேர்டு யாருக்காவது நினைவிருக்கிறதா என்பதெல்லாம் அந்த டேபிளில் தெரியட்டும்.

வாளையார்_மெயின்டனன்ஸ்:

செய்து பார்த்ததை எழுதுகிறேன். எஸ்எல்சியில் பேட்டரி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்லோடு எடுத்து, கமென்ட் உள்ள நகலோடு ஒப்பிட்டு, பேட்டரியும் மாற்றியாயிற்று.

எஸ்7-300-ல் எந்த நகலும் முழுதாக ஒத்துப்போகவில்லை. நெருங்கி வந்தது ‘ஓணத்துக்கு முன்’. வித்தியாசம் இரண்டு இடத்தில். ஒன்று ஷியர் நீளக் கணக்கில், அதன் காரணம் ஷிஃப்ட் இன்சார்ஜுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்று பிஞ்ச் ரோல் இன்டர்லாக். அங்கே கார்டு (பாதுகாப்பு மூடி) சுவிட்ச் கான்டாக்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஆனாக இருக்கும் பிட்டைப் பேரலலாகப் போட்டு பைபாஸ் செய்திருக்கிறார்கள். யார், எப்போது என்று தெரியவில்லை. இப்போது மாஸ்டரில் எதைச் சேர்ப்பது? ஓடுவதையா, சரியானதையா?

கொழிஞ்சாம்பாறை_கன்ட்ரோல்ஸ்:

இரண்டையும், தனித்தனியாக. ஓடுவதை அப்படியே ‘கண்டபடி’ என்று தேதி போட்டு முதல் பதிவாக ஏற்றுங்கள். அதில் ஒரு ரங் கூடத் திருத்தாதீர்கள், பைபாஸ் எங்கே இருக்கிறது என்று குறிப்பு மட்டும் எழுதுங்கள். பைபாஸ் எடுத்தது இரண்டாவது பதிவு. ஆனால் இன்றே டவுன்லோடு செய்துவிடாதீர்கள். ஏதோ காரணத்துக்காகத்தான் போட்டிருப்பார்கள். முதலில் அந்தக் கார்டு சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கம்பி வரை சரிபார்த்த பிறகு, மில் நிற்கும்போது ஏற்றுங்கள். கார்டைத் திறந்து, ரோல் கிளம்பாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அங்கீகரித்த நகல் என்று கையெழுத்துப் போடுங்கள். அதுவரை அந்த இடத்தில் ஆள் போகாமல் தடுப்பு வையுங்கள், பிளாண்ட் சேஃப்டி ஆபீசருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வாளையார்_மெயின்டனன்ஸ்:

பார்த்தேன். சுவிட்ச் நன்றாக இருக்கிறது. ஸ்டாண்டுக்குக் கீழே போகும் கேபிள் வெப்பத்தில் வெந்து அறுந்திருக்கிறது. ஹீட் ரெசிஸ்டன்ட் கேபிளுக்கு இன்டென்ட் போட்டாயிற்று, ஓண ஷட்டவுன் வேலைப் பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்திருக்கிறேன். தடுப்புச் சங்கிலி இன்று மதியம் கட்டியாயிற்று, சேஃப்டி ஆபீசருக்கும் கடிதம் போய்விட்டது. பேனல் கதவில் நோட்டும் தொங்குகிறது.